உங்களுக்குத் தெரியுமா? உடைத்தவரே ஒட்டித் தரும் நீதி

திருட்டு என்றால் போலீஸ், கோர்ட்டு, ஜெயில். நமக்குப் பழகிய வரிசை இது. பறிகொடுத்தவருக்கு என்ன வேண்டும், அதை ஈடுகட்ட வேண்டியவர் யார் என்ற கேள்வியை முதலில் வைப்பதுதான் மறுசீரமைப்பு நீதி. தாம்பரத்திலிருந்து பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடித்துப் போகும் தூரத்திலேயே அதற்கான படிப்பும் வேலையும் இருக்கின்றன.

5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. அதற்குக் கூலி கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டத்தில் சமூக சேவை முன்பிருந்தே உண்டு. பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகள் தரப்படும்.

இன்றைய மறுசீரமைப்பு நீதிக்கு வித்திட்டவர் நீதிபதி அல்ல, ஒரு நன்னடத்தை அலுவலர். 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள், கார் டயர்களைக் கிழித்தார்கள். அவர்களை நேராகப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அனுப்பினால் என்ன என்று அந்த அலுவலர் மார்க் யான்ட்ஸி கேட்டார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று முதலில் தயங்கிய நீதிபதி, பிறகு ஒப்புக்கொண்டார். இளைஞர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். யான்ட்ஸியும் அவருடைய நண்பரும் குறிப்பேட்டோடு ஓரமாக நின்றார்கள். இளைஞர்கள் செய்ததைத் தங்கள் வாயால் சொல்லி, நஷ்டக் கணக்கை நேரில் கேட்டுக்கொண்டு, பணத்தையும் கட்டினார்கள். அந்த இருவரில் ஒருவர் பிற்காலத்தில் இதே பணியில் தொண்டராகச் சேர்ந்தார்.

நம் நாட்டில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவர்தான் மாஜிஸ்திரேட், மற்ற இருவரும் சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலவாழ்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் ஏழு ஆண்டுகள் உழைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து வரும் எத்தனையோ பேர் இந்தப் புறநகரில் இருக்கிறார்கள். இப்படியொரு நாற்காலி இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் குழுமத்துக்குக் கண்ணும் காதும் நன்னடத்தை அலுவலர்தான். சிறுவன் பிடிபட்ட இரண்டு வாரத்துக்குள் படிவம் 6இல் சமூக விசாரணை அறிக்கை எழுதித் தர வேண்டும். பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், பெரியவர்கள் யாராவது அவனைத் தவறான வேலைக்குப் பயன்படுத்தினார்களா, அவனே அடிபட்டவனா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கிறது. வீட்டுக்குப் போய், தாயோடு உட்கார்ந்து பேசாமல் அதை நிரப்ப முடியாது.

2022 டிசம்பர் கடைசி வாரத்தில், ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். செங்கல்பட்டில் உள்ள அரசு சிறார் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவன், டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அவனை அடித்ததாக எழுந்த குற்றச்சாட்டில் இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். படிவம் 6க்கு இரண்டு வார அவகாசம் உண்டு. அவன் அங்கே ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை. சிறார் இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2023இல் அரசு ஒருநபர் குழு அமைத்தது. நல்ல ஆற்றுப்படுத்துநரும் பொறுமையான நன்னடத்தை அலுவலரும் இல்லாத இல்லத்தில் சுவர் மட்டும்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுசீரமைப்பு நீதி கட்டப்பஞ்சாயத்து அல்ல. பாதிக்கப்பட்டவர் மனமுவந்து சம்மதித்தால்தான் பேச்சே தொடங்கும். எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது. 2015இல் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய வழக்குகளில் சமரசம் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு கண்டிப்பாகச் சொன்னது.

சமரசத்துக்கு ஏற்ற தகராறுகளும் உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் திறக்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்றத்தில், 2005 ஏப்ரலில். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்குத் தூணாக நின்றார். 2023இன் சமரசச் சட்டம் இன்னொரு படி மேலே போய், ஒரு வட்டாரத்தின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளை மூன்று சமரசர்கள் பேசித் தீர்க்கலாம் என்கிறது. மழைநீர் யார் வாசலில் தேங்குவது என்று ஆண்டுதோறும் முட்டிக்கொள்ளும் நம் புறநகர்த் தெருக்களுக்கு இது மெத்தப் பொருத்தம்.

எங்கே படிப்பது? 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சமூகப்பணி முதுகலை இருக்கிறது. சட்டம் படிக்கப் பெருங்குடியிலும் புதுப்பாக்கத்திலும் கல்லூரிகள் உண்டு. குற்றவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். பாதிக்கப்பட்டோரைப் பற்றிய தனித்துறையை இந்தியாவில் வளர்த்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம் அங்கே கற்பித்தவர். சிறைத்துறை நன்னடத்தை அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுத வேண்டும். சட்டப் பட்டம் இல்லாதவர்களும் சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர் ஆகலாம்.

சிறார் சட்டத்தின் 24ஆவது பிரிவை எத்தனை பெற்றோர் அறிவார்கள்? பிள்ளையின் தவறு அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவு ஆகாது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மற்றவர்களின் கோப்பு, மேல்முறையீட்டுக் காலமோ விதிகள் சொல்லும் காலமோ முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். அந்தத் தாம்பரத்துப் பையன் உயிரோடு இருந்திருந்தால், இன்று ரயில்வே வேலைக்கே விண்ணப்பித்திருக்கலாம்.