அன்று சுடுசீப்பு, இன்று சடை

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வந்தால் அந்த வீட்டுச் சமையலறையில் முடி பொசுங்கும் வாடை அடிக்கும். அடுப்புத் தீயில் இரும்புச் சீப்பைக் காயவைத்து, பழந்துணியில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டு, கீழே உட்காரவைத்த மகளின் தலையை வகிடு வகிடாகப் பிரித்து இழுப்பார் அம்மா. "காதை மடிச்சுப் பிடிச்சுக்கோ, அசையாதே" என்று சொல்லிக்கொண்டேதான் சீப்பு நெருங்கும். சொன்னபடி பிடித்தாலும் சில நாள் சுட்டுவிடும். அட்லாண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் தோழியின் இடது காது மடலில் அந்தத் தழும்பு இன்னும் தெரியும்.

அவள் ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். இன்று அவள் தலையில் இருப்பது லாக்ஸ். நேராக்காமல், சீப்பு போடாமல், தனித்தனிக் கற்றையாகத் திரித்து இறுகவிட்ட சடை, இடுப்பைத் தொடுகிறது. லாக்ஸ் என்றதும் நம்மவர்களுக்கு பாப் மார்லியோ கோயில் வாசல் சாமியாரோதான் நினைவுக்கு வருவார்கள். தண்ணீர் காணாத தலை என்று ஒரு முகச்சுளிப்பும் கூடவே வரும். அந்தத் தலைக்கு அவள் பார்க்கும் பக்குவத்தை வருடக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அந்த முகச்சுளிப்பு எனக்குப் பொறுக்காது.

சுடுசீப்பின் வேலை ஒரு தூறலுக்குத் தாங்காது. ஈரம் பட்டால் முடி பழையபடி சுருண்டுகொள்ளும். அதனால் பெண் கொஞ்சம் வளர்ந்ததும் ரிலாக்ஸர் வந்தது. அதில் இருப்பது காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்க ஊற்றுகிற அதே காரம். முடியின் புரதத்தைச் சுருளாகப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடும். உடைந்த முடி திரும்பச் சுருளாது. ஆனால் வேரிலிருந்து புதிதாக வருவது சுருண்டுதானே வரும்? ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆனால் வேருக்கு மறுபடி பூச வேண்டும். தலைத்தோல் முழுக்க வாசலின் தடவிக்கொண்டு, எரிச்சல் ஏற ஏறப் பல்லைக் கடித்தபடி, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும், நல்லாப் பிடிக்கட்டும்" என்று உட்கார்ந்திருப்பாளாம். முந்தின நாள் தெரியாமல் சொறிந்திருந்தால் அந்த இடம் புண்ணாகிப் பொருக்குத் தட்டும். அவள் நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. தலை நனையக் கூடாது என்பதுதான் காரணம்.

அழகுக்கு ஆசைப்பட்டு இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். 1786-லேயே லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மீரோ, அடிமைத்தளை இல்லாத கறுப்பு, கலப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடிமை முறை ஒழிந்த பிறகும் தலையைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் ஒழியவில்லை. தன் முடி கொட்டியதில் தொடங்கி, தைலமும் சீப்பும் விற்றுப் பெரும் தொழில் நடத்திய மேடம் சி.ஜே. வாக்கர் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குச் சம்பாத்தியம் கொடுத்தார். போக்குவரத்து சிக்னலுக்குக் காப்புரிமை வாங்கிய காரட் மார்கன், அதற்கு முன்பே முடியை நேராக்கும் களிம்பு விற்றவர். வேலை வேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், தெருவில் மரியாதையாக நடக்க வேண்டும். அதற்கான கூலியாகத்தான் அந்தத் தலைமுறை எரிச்சலைப் பொறுத்தது.

என் தோழியும் கட்டினாள் அந்தக் கூலியை. இளவயதில் ஒரு வங்கியில் வேலை பார்த்தபோது, பின்னல் பின்னிக்கொண்டு போன ஒரு திங்கட்கிழமை, மேலாளர் தனியே கூப்பிட்டு, "கவுன்டர்ல உட்கார்ற தலையா இது?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை நேரான முடியோடு போனாள். எந்தச் சட்டமும் அன்று அவள் பக்கம் இல்லை. அதற்குப் பல வருடம் கழித்து, 2010-ல், அலபாமாவின் மொபில் நகரில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லி, லாக்ஸை வெட்டிவிட்டு வரச் சொன்னது. அவர் மறுத்தார், வேலை போனது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. தலை அலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது, பிறவியோடு வந்ததல்ல, ஆகவே இனப் பாகுபாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். முளைக்கும்போதே சுருண்டு முளைக்கும் முடியை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் எப்படி இருக்கும்!

முப்பதுகளில் அவள் வீவ் வைத்துக்கொண்டாள். சொந்த முடியைத் தலையோடு ஒட்டப் பின்னி, அதன்மேல் வேறொருவரின் நீளமுடியை ஊசிநூலால் தைப்பார்கள். ஒருநாள் அந்தப் பொட்டலத்தை என்னிடம் காட்டினாள். சீராக அடுக்கிக் கட்டிய, நீளமான, லேசாக அலையோடிய கறுப்பு முடி. மேலே 'இந்தியன் ரெமி' என்று அச்சடித்திருந்தது. "உங்க ஊர்க்காரி யாரோ ஒருத்தியோட முடியைத்தான் நான் சுமக்கிறேன், யாருன்னு தெரியாது" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்துக்குப் போவது நமக்குத் தெரிந்ததுதான். தரம் பிரித்து ஏற்றுமதியாகும் அந்த முடி இங்கே எத்தனை கறுப்பினப் பெண்களின் தலையில் ஏறியது என்பதை நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் 2009-ல் எடுத்த 'குட் ஹேர்' ஆவணப்படம் உலகத்துக்கே காட்டியது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட ஒருத்தி அங்கே. தன் முடியோடு வேலைக்குப் போக முடியாத ஒருத்தி இங்கே. பக்தியில் தலையை விட்டுக்கொடுத்தவளுக்குத் தன் முடி எங்கே போனது என்று தெரியாது. அதை வாங்கியவள் கொடுத்த விலையில் ஒரு காசு அவளுக்குப் போனதில்லை. இந்த இருவரையும் அதன்பிறகு நான் சேர்த்தே நினைக்கிறேன்.

நம் வீடுகளிலும் சுருட்டை முடிக்குப் 'பரட்டை' என்று பட்டம் உண்டு. மதுரையில் என் பாட்டி விளக்கெண்ணெய் வழிய வழியத் தேய்த்து இழுத்துப் பின்னிவிடுவார். ஆனால் அதனால் என் வேலை போகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

தையலின் இழுப்பும் காரமும் சேர்ந்து தோழியின் நெற்றியோர முடி தேய்ந்துகொண்டே போனது. தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நேராக்கிய முடியை முழுக்க வெட்டிவிட்டு, இரண்டு விரற்கடை நீளமுள்ள சொந்தச் சுருளோடு வந்து நின்றாள். முகமே வேறாகத் தெரிந்தது. சில மாதம் கழித்து லாக்டிஷியனிடம் போனாள். லாக்ஸ் மட்டுமே பார்க்கும் தலைமுடிக் கலைஞர்களுக்கு இங்கே அதுதான் பெயர். தலைத்தோலைச் சின்னச் சின்னக் கட்டமாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, கிளிப் போட்டு, உலர வைத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் விளக்குத்திரி கனம்கூட இல்லை.

நமக்கெல்லாம் தினமும் ஐம்பது நூறு முடி உதிர்கிறது, சீப்போடு போய்விடும். லாக்ஸில் அது போகாது. சுருள் சுருளோடு சிக்கி உள்ளேயே தங்கி, தங்கியதுதான் சடையாக இறுகுகிறது. ஆரம்பத்தில் தலை குளித்தாலே பாதித் திரி அவிழ்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன முடிச்சு கைக்குத் தட்டுப்படும். அது விழுந்தால் பிடித்துக்கொண்டது என்று பொருள். அதன்பின் வருவது பொல்லாத பருவம். தடித்து, குட்டையாகி, திசைக்கொன்றாக நிற்கும். பாதிப்பேர் கைவிடுவது அப்போதுதான் என்பாள். கனம் ஏறித் தாமாகத் தொங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். இடையில் எதைப் பூசினாலும் அவசரப்படுத்த முடியாது. மெழுகும் கெட்டியான க்ரீமும் உள்ளே படிந்தால் வெளியே வராது. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிக்காத தலை என்று நினைப்பவர்கள் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க வேண்டும். படிவு விடாத ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து வேர்க்காலில் ஊற்றி விரல் நுனியால் தேய்த்து, அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, துண்டில் சுற்றி, வெயிலில் உட்கார்ந்து உலர்த்துவாள். உள் ஈரத்தோடு படுத்தால் பூசணம் பிடித்து நாறிவிடும். ராத்திரி சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணையின் பஞ்சு ஒட்டாமலிருக்க. நாலு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேரில் வளர்ந்த புதுமுடியைத் திரிப்பார்கள். அடிக்கடி இறுக்கித் திரித்தால் வேரே அறுந்து வழுக்கை விழும் என்பதால் அதற்குமேல் போக மாட்டாள். அன்றும் தலைக்காக ஒரு நாள் முழுக்கப் போனது, இன்றும் போகிறது. ஆனால் அன்று போன நாள் அவள் முடியை வேறொன்றாக்கப் போனது.

அவள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. எண்பதை நெருங்கும் அந்த அம்மாளுக்கு இன்றும் முழுசாக ஒப்புதல் இல்லை. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அவர் தலைமுறையில் லாக்ஸ் என்றால் அதைச் சமய நெறியாக வளர்க்கும் ஜமைக்காவின் ராஸ்தாஃபாரிகள். அவர்கள் பட்டபாடும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1963-ல் கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைச் சாக்காக வைத்துப் போலீசாரும் ராணுவத்தினரும் ராஸ்தாஃபாரிகளை வளைத்துப் பிடித்து அடித்து, சடையை வெட்டினார்கள். 2017-ல்தான் ஜமைக்கப் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டார். "உன்னை எவன் வேலைக்கு வச்சுப்பான்?" என்ற அம்மாவின் கேள்வி பயத்தில் பிறந்தது. அந்தப் பயத்துக்கு அவரிடம் ஆதாரம் இருந்தது.

ரிலாக்ஸரை விட்டது நல்லதாயிற்று என்று தோழிக்கு உறுதிப்பட்டது 2022 அக்டோபரில். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவு அது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒரு வருடத்தில் 4 தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம். இந்த ரசாயனம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. ஆனாலும் அன்றே தங்கையைக் கூப்பிட்டு, அலமாரியில் இருந்த டப்பாவைத் தூக்கிப் போடவைத்தாள்.

சட்டமும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. 2017-ல் அமெரிக்கத் தரைப்படை பெண் வீரர்களின் லாக்ஸுக்கு அனுமதி கொடுத்தது. 2019 ஜூலையில் கலிஃபோர்னியா, பள்ளியிலும் பணியிடத்திலும் முடியை வைத்து ஒதுக்கக் கூடாது என்று 'க்ரௌன்' சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் வந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. 2023-ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் ஹாலி பெய்லி தன் சொந்த லாக்ஸோடு கடற்கன்னியாக நீந்தியபோது, தோழி திரையரங்கில் அழுதாள். நீச்சல் கற்காத தன் சின்ன வயதை நினைத்துக்கொண்டாளாம். அதே வருடம் டெக்ஸஸில் டாரில் ஜார்ஜ் என்ற மாணவனை, லாக்ஸின் நீளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி வகுப்பிலிருந்து விலக்கி வைத்தது. அங்கே க்ரௌன் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தும், நீளத்துக்கு அது பொருந்தாது என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி தீர்ப்பளித்தார். ஒரு பையனின் படிப்பைவிட அவன் முடியின் நீளம் பெரிதாகப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

தோழியின் மகள் இந்த வருடம் படிப்பை முடித்தாள். அவளுக்கும் லாக்ஸ்தான், தோள்வரை. வேலைக்கான நேர்காணலுக்கு முந்தின இரவு என்னிடம் இரண்டு கோட்டைக் காட்டி, "எது நல்லாருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள். நீலத்தைச் சொன்னேன். தலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் ஷார்லட் போகிறாள். அங்கே இறுக்கித் திரிக்காத லாக்டிஷியன் யார் இருக்கிறார் என்று அவள் அம்மா இப்போதே விசாரிக்க ஆரம்பித்தாயிற்று.