தாழப் பறக்கையில் மீட்சி ஏன் அரிது?

வீட்டிலே கட்டிய சிறு விமானத்தை உயரம் குறையாமல் 60 பாகை சாய்த்துத் திருப்புகையில், இறக்கைகள் இருமடங்கு பாரம் சுமப்பதால், தூக்குவிசை சிதைந்துபோகும் வேக எல்லையும் ஏறத்தாழ 41 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. அதை மறந்தவரின் விமானம் க்ஷணத்தில் ஒருபுறம் சரிந்து சுழலத் தொடங்கினால், மீட்பதற்கு நூற்றுக்கணக்கான அடி உயரம் வேண்டும்.

ஆயினும் திருப்பம் ஒன்றே காரணமன்று. 1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் வீழ்ந்து பாடகர் ஜான் டென்வரைப் பலிகொண்ட லாங்-ஈஸீ விமானத்தில், வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் மூல வரைபடத்துக்கு மாறாக, எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைந்திருந்தது. அதை எட்டுவதற்காகச் சரீரத்தைத் திருப்பும்போது வலக்கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கும் என விசாரணையாளர் அநுமானித்தனர். எந்தச் சமர்த்தருக்கும், சில நூறு அடி உயரத்தில், அதைச் சீர்செய்ய அவகாசம் கிட்டியிராது என்பதே என் அபிப்பிராயம்.