ஓர் எழுத்து தவறினால்...

அஞ்சலட்டையில் தெருவின் பெயரைச் சற்றுப் பிழையாக எழுதிவிட்டாலும் பெரும்பாலும் அது உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரர் ஊரை அறிவார், ஆளையும் அறிவார். மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் கணினிகளோ எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். அயல்நாட்டில் படிக்க விண்ணப்பம் செய்யும் மாணவர்கள் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கு இளநிலைப் பட்டப் படிப்புக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலும் 'யூகாஸ்' என்னும் பொது அமைப்பே பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. பல்கலைக்கழகம் முடிவு செய்ததும், விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும்படி மாணவருக்கு மின்னஞ்சல் வரும். இடம் பெற்றவர் குறித்த நாளுக்குள் பதில் தரவேண்டும். பதில் இல்லையேல், அவர் அந்த இடத்தை மறுத்துவிட்டதாகவே கொள்ளப்படும்! மதிப்பெண் இருந்து, இடமும் கிடைத்து, அஞ்சல் வராததால் வாய்ப்பு நழுவிப் போகலாம் அல்லவா?

மின்னஞ்சல் எவ்வாறு வழி கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். முகவரியில் @ என்னும் குறிக்கு முன்னால் இருப்பது அஞ்சல் பெட்டியின் பெயர். பின்னால் இருப்பது அப்பெட்டி உள்ள இடத்தின் பெயர். 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். அனுப்பும் கணினி முதலில் பின்பகுதியைப் பார்க்கிறது. 'இந்த இடத்துக்கான அஞ்சலை வாங்கும் கணினி எது?' என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிடம் கேட்டு அறிகிறது. பிறகு அக்கணினியைத் தொடர்புகொண்டு, 'இந்தப் பெயரில் பெட்டி உண்டா?' என்று கேட்கிறது.

முகவரியில் பிழை இருந்தால் மூன்று விதமாக முடியலாம். ஒன்று, அப்படியோர் இடமே இல்லாமல் போகலாம். இரண்டு, இடம் இருந்தும் பெட்டி இல்லாமல் போகலாம். அப்போது வாங்கும் கணினி 550 என்ற எண்ணைச் சொல்லி மறுத்துவிடும். இவ்விரண்டிலும் அனுப்பியவருக்குத் தகவல் திரும்பிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானோருக்குத் தானாகவே அஞ்சல் அனுப்பும் அலுவலகத்தில் அதை ஒருவர் படித்து உங்களைத் தேடுவார் என்று நம்ப முடியாது. மூன்றாவது, அம்முகவரி வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம். இதுவே மிகவும் ஆபத்தானது. அஞ்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்க ராணுவத்தின் முகவரிகள் 'எம்.ஐ.எல்' என்று முடிபவை. நடு எழுத்து விட்டுப்போனால் அது ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டின் முகவரியாகிவிடும். இப்படி ஏராளமான மடல்கள் திசைமாறிச் சென்றது 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது.

விண்ணப்பப் படிவம் பிழையைக் கண்டுபிடித்துவிடாதா? @ இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று அது வடிவத்தைத்தான் சோதிக்க முடியும். வடிவம் சரியாக இருப்பது வேறு. முகவரி உங்களுடையதாக இருப்பது வேறு. அதனால்தான் பல அமைப்புகள் அம்முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பி, அதைத் திரும்ப எழுதச் சொல்கின்றன.

எந்த முகவரியைக் கொடுப்பது? பள்ளி தந்த முகவரி, நீங்கள் பள்ளியை விட்டதும் மூடப்படலாம். முடிவுகளோ அதன் பின்னும் வரக்கூடும். கணினி மையத்தில் விண்ணப்பிப்போர் சிலர் மையத்தாரின் முகவரியையே போட்டுவிடுகின்றனர். கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் அங்கேதான் போகும் என்பதை மறக்கவேண்டாம். உங்கள் பெயரில், உங்கள் கையில், பல ஆண்டுகள் நிலைக்கும் முகவரியே ஏற்றது. அதில் பூஜ்யமும் 'ஓ' எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் 'எல்' எழுத்தும் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் முகவரியைத் தாளில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் அதைப் பார்த்துத் தட்டச்சுச் செய்து ஒரு மடல் அனுப்பட்டும். வந்து சேர்ந்ததா? 'ஸ்பேம்' பெட்டியிலும் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையானால், பிழை எந்த எழுத்தில் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு போகட்டும்!