மலை ஏறும் முன் ரத்தம் பாருங்கள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடிவதற்குள் ஊட்டி கேரட்டும் பீட்ரூட்டும் வந்து இறங்கிவிடும். இங்கே ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் ஓடும் பிள்ளைகளுக்கோ ஊட்டிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க ஆசை. ஆசையில் தப்பில்லை. ரியோ ஒலிம்பிக்குக்குத் தயாரான காலத்தில் ஓ.பி. ஜெய்ஷா, லலிதா பாபர் போன்ற ஓட்ட வீராங்கனைகள் பயிற்சி எடுத்த ஊர் அது. ஆனால் முகாமுக்குப் பணம் கட்டும் முன் பிள்ளையின் உடம்பில் இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துவிட வேண்டும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம். அங்கே உலக சாதனையாளர் ரான் கிளார்க் 10,000 மீட்டரில் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். சனி, ஞாயிறு போய் வரும் முகாமுக்குச் சுற்றுலா என்று பெயர். முதல் வாரமே ஹீமோகுளோபின் எண் ஏறினால் மகிழவும் வேண்டாம். ரத்தத்தில் நீர் வற்றியதால் வந்த ஏற்றம் அது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதுமில்லை. கீழே இறங்கிய சில வாரங்களில் அது கரைந்தும் போகும்.

சிவப்பணு செய்ய இரும்பு வேண்டும். கையிருப்பு இல்லாதவர் மலையில் எத்தனை நாள் கிடந்தாலும் ரத்தம் கூடாது, களைப்புதான் மிஞ்சும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. ஓட்டக்காரப் பெண்ணுக்கு மாதவிடாயோடு வியர்வையிலும் இழப்பு உண்டு. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் வேண்டும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எடுத்தால்தான் குறையைச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்; இரும்பு மிஞ்சினாலும் கெடுதல்.

மார்க்கெட்டில் பீட்ரூட்டைக் காட்டி "ரத்தம் ஊறும்" என்பார்கள். அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேளுங்கள். அதிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். சைவர்கள் முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்க்கலாம். சாப்பிட்ட கையோடு காபி, டீ மட்டும் வேண்டாம். திருச்சிக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

பெரிய ஆபத்து டிரிப்ஸில் இருக்கிறது. களைப்பென்றால் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஊக்கமருந்து விதிப்படி 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடை. பாட்டிலில் இருப்பது வெறும் குளுக்கோஸாகவோ இரும்பாகவோ இருந்தாலும் தடைதான். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வேறு காரணத்துக்குத் தேவையென்றால் மருத்துவ விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'மலைக்குப் போகாமலே ரத்தம் கூட்டும் ஊசி' என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் செயற்கை எரித்ரோபொயட்டின். பிடிபட்டால் 4 ஆண்டுத் தடை வரை போகும். ரத்தம் கெட்டியாகி அடைப்பு வரும் அபாயம் தனி.

ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்க வருபவரிடம் அடையாள அட்டை கேட்கலாம், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். முடிவு பாதகமானால், பிரித்து வைத்த 'பி' மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாம். விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் 2022-ன் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ரத்த மாதிரி தரும்போது, முந்தைய இரண்டு வாரங்களில் 1,500 மீட்டருக்கு மேல் தங்கியிருந்தால் இடத்தையும் நாட்களையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மலை கூட்டிய ரத்தம் சந்தேகத்துக்கு இடமாகலாம்.

மலையில் தலைவலியோடு வாந்தி வந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டும். குறையாவிட்டால் கீழே இறக்க வேண்டும். சிக்கிள் செல் மரபணு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. கட்டணம் வாங்கிய முகாம் சொன்னபடி நடக்காவிட்டால் ரசீதோடு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பிள்ளையை அங்கே அடித்தாலோ துன்புறுத்தினாலோ குழந்தைகள் உதவி எண் 1098.