பரிசுத்தம்: நிலையா, வழியா?

1611-ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆங்கில பைபிளில் ஒரு விந்தை உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் "ஹாகியாஸ்மோஸ்" என்ற சொல் பத்து முறை வருகிறது. அதை ஐந்து இடங்களில் "பரிசுத்தம்" என்றும், மற்ற ஐந்து இடங்களில் "பரிசுத்தமாக்குதல்" என்றும் பொருள்படும்படி மொழிபெயர்த்தார்கள். 1881-ல் அதைத் திருத்தி வெளியிட்டவர்களோ, பத்து இடங்களிலும் இரண்டாவது பொருளையே கொண்டார்கள்.

பரிசுத்தம் என்பது ஒருவர் அடைந்துவிட்ட நிலையா? அல்லது நாள்தோறும் நடக்க வேண்டிய வழியா? சாதாரண பக்தரையும் விடாத கேள்வி இது.

ஒதுக்கி வைத்தது

இச்சொல்லின் வேர் "ஹாகியோஸ்". கிரேக்கர்கள் கோயிலைச் சார்ந்தவற்றைப் பெரும்பாலும் "ஹியரோஸ்" என்றே குறித்தனர். ஆனால், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கிய அறிஞர்கள், "காதோஷ்" என்ற எபிரேயச் சொல்லுக்கு "ஹாகியோஸ்" என்பதையே தேர்ந்தெடுத்தனர். கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்பது அதன் கருத்து. ஓய்வுநாளும் மற்ற நாட்களைப் போன்ற ஒரு நாள்தான். ஒதுக்கி வைத்ததால் அது புனிதமாயிற்று.

தமிழில் "பரிசுத்தம்" என்றதும் அழுக்கின்மையே முதலில் நினைவுக்கு வருகிறது. மூலச் சொல்லிலோ, "யாருக்கு உரியது?" என்பதே முதல் கேள்வி.

"மோஸ்" என்ற ஈறு பெரும்பாலும் செயலைக் குறிக்கும். தமிழில் "ஆக்குதல்" என்பதிலுள்ள "தல்" விகுதியைப் போன்றது எனலாம்.

இரண்டு நகரங்கள்

கொரிந்து நகரத்துச் சபையில் கட்சிச் சண்டை இருந்தது. சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். பொது விருந்தில் சிலர் வயிறார உண்ண, ஏழைகள் பசித்திருந்தார்கள். இவர்களைக் கடிந்து எழுதிய பவுல், அக்கடிதத்தின் தொடக்கத்திலேயே அவர்களைப் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று அழைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே, அது அவர்கள் சம்பாதித்த பட்டம் அன்று, அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

ஆயினும் அத்துடன் முடிந்துவிடவில்லை. கி.பி. 50-ஐ ஒட்டி தெசலோனிக்கே நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில், சில வரிகளுக்குள் இச்சொல்லை அவர் மூன்று முறை கையாளுகிறார். அங்கே பேசப்படுவது என்ன? தவமா, துறவா? இல்லை. உடலை மதிப்போடு காத்தல், ஒழுக்கம் தவறாமை, சகோதரனை வஞ்சிக்காமை. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, சொந்தக் கையால் உழைத்து வாழுமாறும் அறிவுரை கூறுகிறார்.

ஆக, நிலையும் உண்டு, வழியும் உண்டு. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டவர், அதற்கேற்ப வீட்டிலும் தொழிலிலும் வாழப் பழகுவதே "ஹாகியாஸ்மோஸ்". தவறியவர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தவறாதவர் தருக்கித் திரியவும் இடமில்லை.