ஒன்லைனில் வாங்கிய நகை: பொதி வந்த பிறகு செய்ய வேண்டியவை

எமது சமூகத்தில் தங்க நகை அழகுக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை. மணப்பெண்ணின் மஹரும், வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவின் சேமிப்பும், பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியச் செலவுக்கோ கைகொடுக்கும் காசும் அதுதான். முன்பு நகை வாங்க கொழும்பு செட்டியார் தெருவுக்கோ, ஊரிலுள்ள தெரிந்த கடைக்கோ குடும்பத்தோடு போனோம். பத்து வருடங்களுக்குப் பிறகு அதே நகையை எடுத்துச் சென்றாலும், “இது நம்மட கடை நகை” என்று கடைக்காரர் அடையாளம் காண்பார். பற்றுச்சீட்டு தொலைந்திருந்தாலும் பெரிய சிக்கல் வராது.

இன்று பேஸ்புக் நேரலையிலும், வட்ஸ்அப் குழுக்களிலும், வெளிநாட்டு இணையக் கடைகளிலும் நகை விற்பனையாகிறது. விலை ஒப்பிடலாம், புது வடிவங்களைப் பார்க்கலாம், வீட்டிலிருந்தபடியே வாங்கலாம். ஆனால் உங்களை நினைவில் வைத்திருக்கும் கடைக்காரர் இந்த வியாபாரத்தில் இல்லை. இன்று இருக்கும் பேஸ்புக் பக்கம் அடுத்த வருடம் இல்லாமல் போகலாம். ஆகவே, கடைக்காரரின் ஞாபகம் செய்த வேலையை இனி எழுத்துதான் செய்ய வேண்டும். நகையைப் பராமரிப்பது, திருத்துவது, காப்புறுதி செய்வது ஆகிய மூன்றும் இந்த எழுத்தில்தான் தங்கியிருக்கின்றன.

முதல் நாள் செய்ய வேண்டியது

பொதியைப் பிரிக்கும்போதே கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். பொதியின் மேலுள்ள முகவரிச் சீட்டு, முத்திரை, உள்ளே இருக்கும் நகை எல்லாம் ஒரே தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். மாறிய பொருள் வந்தாலோ, குறை இருந்தாலோ அதுவே உங்கள் சாட்சி.

அடுத்து, நகையில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 916 என்றால் 22 கரட், 875 என்றால் 21 கரட், 750 என்றால் 18 கரட். 925 என்பது வெள்ளிக்குரிய இலக்கம். தங்க நிறத்தில் மின்னும் காப்பில் 925 இருந்தால் அது தங்க முலாம் பூசிய வெள்ளி. “ஜிபி” என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதுவும் முலாம் பூசியதுதான்.

“ஒரு பவுண்” என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் கரட்டைக் கேளுங்கள். 8 கிராம் எடையுள்ள 22 கரட் நகையில் சுமார் 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அதே எடையுள்ள 18 கரட் நகையில் இருப்பது 6 கிராம்தான். எடை ஒன்றானாலும் பெறுமதி ஒன்றல்ல.

பொறித்த இலக்கத்தை மட்டும் நம்பி இருந்துவிடவும் வேண்டாம். யாரும் எதையும் பொறிக்கலாம். பெறுமதி கூடிய நகையாயின், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையிலோ, நம்பிக்கையான பரிசோதனை நிலையத்திலோ சோதித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விற்பனையாளர் ஏமாற்றியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போதும் முதலில் தேவைப்படுவது பற்றுச்சீட்டுதான்.

பற்றுச்சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

கரட், மொத்த எடை, கல் நீங்கலான தங்கத்தின் எடை, கல்லின் வகையும் எடையும், செய்கூலி, விலை, திகதி, விற்பவரின் பெயர் முகவரி என்பன இருக்க வேண்டும். கல்லையும் தங்கத்தையும் சேர்த்து நிறுத்தால், விற்கும் நாளில் கல்லின் எடை கழிக்கப்படும்போது நஷ்டம் தெரியும். ஸகாத் கணக்கிடவும் தங்கத்தின் எடை தனியாகத் தெரிய வேண்டும். அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்கப் போகும்போது எடை கையில் இருக்கட்டும்.

பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒன்லைனில் வாங்கும்போது கட்டாரிலுள்ள கணவரின் கடனட்டையிலோ, சகோதரரின் மின்னஞ்சலிலோ தான் பெரும்பாலும் பதிவாகிறது. மஹராகக் கொடுத்த நகை மனைவியின் சொத்து. அதில் கணவருக்கோ அவரது வீட்டாருக்கோ உரிமை இல்லை. ஆனால் விவாகரத்து வரும்போதும், மௌத்தான பின் சொத்துப் பங்கிடும்போதும் “இது யாருடைய நகை?” என்ற கேள்வி எழுகிறது. காகிதம் ஒருவர் பெயரிலும் நகை இன்னொருவர் கழுத்திலும் இருந்தால் சண்டைக்கு அதுவே போதும். நகை யாருக்கோ, பற்றுச்சீட்டும் அவர் பெயரில் இருக்கட்டும். முடியாவிட்டால், இது மஹராக அல்லது அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதி, திகதியிட்டு, சாட்சிகளோடு கையொப்பமிட்டு வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரதுல் பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கற்பிக்கிறது. குடும்பத்துக்குள் எழுதிக் கேட்பது சந்தேகம் அல்ல, அமானிதத்தைப் பேணுவது.

பராமரிப்பு

தங்கம் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதில் கலந்துள்ள செம்பும் வெள்ளியும் வியர்வை, வாசனைத் திரவியம், சவர்க்காரம் பட்டு மங்குகின்றன. கரட் குறையக் குறைய இந்தப் பாதிப்பு கூடும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தால் கழிவறை கழுவும்போது மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்ய இளஞ்சூடான நீர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ் போதும். கழுவும் தொட்டிக்கு மேல் வைத்துத் தேய்க்காமல் ஒரு கோப்பைக்குள் வைத்துச் செய்யுங்கள். பற்பசை வேண்டாம், அது தங்கத்தில் கீறல் போடும். முலாம் பூசிய நகையைத் தேய்க்கவே கூடாது. முத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அத்தர் பூசிய பிறகே முத்து மாலையை அணியுங்கள், வீடு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள்.

வைரத்தின் கடினம் 10, நீலக்கல்லினது 9. தங்கம் அதைவிட மிக மென்மையானது. எல்லா நகைகளையும் ஒரே டப்பாவில் போட்டால் கல் தங்கத்தைக் கீறும். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

திருத்த வேலை

பெருநாளுக்கு முந்திய வாரம் சங்கிலி அறுந்த பிறகு ஓடுவதைவிட, வருடத்துக்கு ஒரு முறை கொக்கி, தோட்டின் சுரை, கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் ஆகியவற்றைப் பார்ப்பது மலிவு. மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். கல் ஆடும் சத்தம் கேட்டால் உடனே கழற்றி வையுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரர் முன்னிலையில் நிறுத்து, எடையையும் கற்களின் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். நாலா பக்கமும் படம் எடுங்கள். திரும்ப வாங்கும்போது மீண்டும் நிறுங்கள்.

ஒன்லைனில் வாங்கிய நகையில் இன்னொரு ஆபத்து உண்டு. அது எதனால் செய்யப்பட்டது என்பது திருத்துபவருக்குத் தெரியாது. மரகதத்தின் வெடிப்புகளை எண்ணெயால் நிரப்புவதும், சிவப்புக்கல்லின் வெடிப்புகளைக் கண்ணாடியால் நிரப்புவதும் சந்தையில் நடக்கிறது. பற்ற வைக்கும் நெருப்புப் பட்டால் அப்படியான கற்கள் பாழாகும். ஆகவே கல்லின் சான்றிதழையும் சேர்த்துக் காட்டுங்கள். வெளிநாட்டுக் கடை “ஆயுள் முழுவதும் இலவசத் திருத்தம்” என்று சொன்னால், நகையை அங்கே அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் யார் பொறுப்பேற்பது என்று முன்பே கேளுங்கள்.

காப்புறுதி

வீட்டுக் காப்புறுதி எடுத்தவர்களும் நகைக்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பொதுவாக நகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். வீட்டில் நடக்கும் திருட்டு, தீ ஆகியவை உள்ளடங்கினாலும், திருமண வீட்டில் தொலைந்தால் அல்லது பஸ்ஸில் பறிக்கப்பட்டால் தனியாகச் சேர்த்திருந்தால்தான் நஷ்டஈடு கிடைக்கும். வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் காப்புறுதி செய்தாயிற்று என்று எண்ணுவதும் சரியல்ல. வட்டியோடு தொடர்பான தயக்கம் உள்ளவர்கள் எமது நாட்டில் இயங்கும் தகாபுல் முறையை விசாரிக்கலாம்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் நஷ்டஈடும் குறையும். பத்து இலட்சம் ரூபா பெறுமதியான நகைகளை ஐந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான மாலை தொலைந்தால், பல ஒப்பந்தங்களின் கீழ் ஒரு இலட்சமே கிடைக்கும். 2022இல் ரூபா சரிந்தபோது தங்க விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன் எழுதிய பெறுமதி இன்று செல்லாது. வருடா வருடம் புதுப்பியுங்கள். இரண்டு, நகை உங்களிடம் இருந்தது என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பற்றுச்சீட்டு, படம், மதிப்பீட்டு அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவை கேட்கப்படும்.

இவ்வளவுக்கும் தேவை ஒரு கோவை மட்டுமே. நகைக்கு ஒரு தாள் வீதம் பற்றுச்சீட்டு, படம், எடை, கரட், உரிமையாளரின் பெயர், திருத்திய திகதி. மின்னஞ்சலில் வந்த பற்றுச்சீட்டை அச்செடுத்து அதில் சேருங்கள். இன்னொரு பிரதியை நகை இருக்கும் அலுமாரியில் அல்லாமல் வேறோர் இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். திருடன் நகையையும் காகிதத்தையும் ஒன்றாகக் கொண்டுபோனால் எழுதி வைத்தும் பயனில்லை. இன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும், இந்த வேலை முடிந்துவிடும்.