பயறும் வயிறும்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மதிய வேளையில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் கூடுகிறது. இலையில் பருப்பு, காய்கறிப் பொரியல், உருளைக்கிழங்குக் கறி எனத் தாவர உணவுகளே நிறைந்திருக்கின்றன. கிள்ளான், தெங்கு கிளானா சாலையிலோ வடையும் கடலைச் சுண்டலும் சுடச்சுட விற்பனையாகின்றன. இவற்றை உண்டபின் சிலருக்கு வயிறு உப்புகிறது, சிலருக்குக் குமட்டுகிறது. “இது இலெக்டின் செய்யும் வேலை. பயறு வகைகளை அடியோடு விட்டுவிடுங்கள்” என்னும் அறிவுரை இன்று கைப்பேசிக் காணொளிகளில் உலா வருகிறது. இதை அப்படியே நம்பலாமா?

இலெக்டின் என்பது சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடைய ஒரு வகைப் புரதம். 1888ஆம் ஆண்டில் பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையை ஆராய்ந்தார். அவ்விதையிலிருந்து எடுத்த புரதம், இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்வதை அவர் கண்டறிந்தார். இத்தகைய புரதங்களுக்கு ‘இலெக்டின்’ என்னும் பெயர் 1954ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. பூச்சிகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத் தாவரங்களுக்கு இது உதவுகிறது. பயறு வகைகள், நிலக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் இலெக்டின் உண்டு. எனினும், அதன் அளவும் வகையும் உணவுக்கு உணவு வேறுபடும்.

நாம் உண்ணும் பயறுகளுள் மிகவும் கவனிக்க வேண்டியது ராஜ்மா. மலாய் மொழியில் இதனைக் காச்சாங் மேரா என்பர். இப்பயற்றை வேகவைக்காமல் நான்கைந்து மணிகள் தின்றாலே நோய் வரலாம். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடுமையான குமட்டலும் வாந்தியும் ஏற்படும். பின்னர் வயிற்றுப்போக்கு தொடரும். 2006ஆம் ஆண்டில் ஜப்பானில் இதற்குச் சான்றாக ஒரு நிகழ்வு நடந்தது. உடல் எடையைக் குறைக்க, வெள்ளை ராஜ்மாவைச் சில நிமிடங்கள் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவி உண்ணுமாறு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கூறியது. அதைப் பின்பற்றிய ஏறக்குறைய ஆயிரம் பேர் நோயுற்றனர். சிறிது நேரம் வறுத்தது அந்த இலெக்டினை அழிக்கப் போதவில்லை.

அப்படியானால் ராஜ்மாவைத் தவிர்க்க வேண்டுமா? தேவையில்லை. அதனைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னர், புதிய நீரில் 30 நிமிடம் நன்கு கொதிக்கவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் வெப்பம் போதிய அளவுக்கு உயராமல் போகலாம். அரைவேக்காட்டுப் பயறு பச்சைப் பயற்றைவிடக் கூடுதல் தீங்கு தரக்கூடும். பயற்றை இரவே ஊறவைப்பதும், குழைய வேகவைப்பதும், மாவைப் புளிக்கவைத்து இட்லி, தோசை செய்வதும் நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கங்கள். இலெக்டினின் அளவைக் குறைக்கும் வழிகளும் இவையே.

நன்கு வெந்த உணவை உண்டும் ஒருவருக்குத் தொல்லை ஏற்பட்டால், அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பயற்றிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிப்பதில்லை. அவை பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குவதால் வயிறு உப்பும். இது தொல்லையே அன்றி நஞ்சன்று. ஆனால், நிலக்கடலை போன்றவற்றை உண்ட சிறிது நேரத்தில் தோல் தடித்தல், உதடு வீங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் தாமதிக்காமல் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். ஜி-6-பி-டி குறைபாடு உடையோர் காச்சாங் பாராங் எனப்படும் பயற்றை உண்டால் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். இதற்குக் காரணம் இலெக்டின் அன்று. அப்பயற்றிலுள்ள வேறு பொருள்கள். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடனே இக்குறைபாட்டுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்படுவதும் இத்தகைய ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே.

இவ்வாறு அறிகுறிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், காரணத்தை ஊகித்து முடிவெடுப்பது சரியன்று. ‘இலெக்டின் ஒவ்வாத உடல்’ என்று உறுதிப்படுத்த மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே, தொல்லை அடிக்கடி வருபவர் இரண்டு வாரங்களுக்கு உணவுக் குறிப்பேடு ஒன்றை எழுதி வரலாம். உண்ட உணவு, அது சமைக்கப்பட்ட முறை, உண்ட நேரம், தொல்லை தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் அதில் குறிக்க வேண்டும். அதனுடன் மருத்துவரையோ உணவியலாளரையோ அணுகினால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், விடாத வாந்தி ஆகியவை இருந்தால் குறிப்பேடு முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பயறு வகைகள் புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தவை. மலிவான விலையில் கிடைப்பவை. மரக்கறி உண்போருக்கு இன்றியமையாதவை. காணொளி ஒன்றை நம்பி அவற்றை ஒதுக்குபவர் நல்ல உணவை இழக்கிறார். உண்மையான நோயின் அறிகுறியை இலெக்டின் என்று எண்ணிப் பொருட்படுத்தாதவரோ உரிய சிகிச்சையை இழக்கக்கூடும். நன்கு வேகவைத்து உண்பதும், உடல் காட்டும் அறிகுறிகளை உற்றுக் கவனிப்பதும், ஐயம் எழும்போது மருத்துவரை நாடுவதுமே அறிவுடைமையாகும்.